இடுப்புக்கச்சையில் பிறந்த ஷூ தோலும், வேலூரில் பிறந்த செருப்பும்

காட்பாடியில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தினமும் கையில் புழங்கும் பொருட்களில், தோன்றிய விதம் உங்களை அசத்தியது எது? மைக்ரோவேவ் அடுப்பு, மஞ்சள் ஒட்டுத்தாள், வெல்க்ரோ எல்லாம் கேட்டுச் சலித்துவிட்டது. நம் வேலூர்ப் பக்கத்துக்கு ஏதாவது தொடர்பு இருந்தால் நல்லது."

நல்ல நிபந்தனை. அந்த மூன்று கதைகளையும் எங்கே பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ கை தவறிக் கொட்டியது, உலகம் மாறியது என்று முடித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த கதைகளில் கை தவறல் குறைவு. யாரோ ஒருவர் வேறு எதற்கோ மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். அதற்கென்று செய்த பொருள், அந்த வேலை ஒழிந்த பிறகும் வேறொரு வேலைக்குப் போய் நிலைத்துவிடும். பெண் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு இன்னொன்று என்பது போலத்தான்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் கெமிஸ்ட்டாக இருந்தவன். (வெளியூர்க்காரர்களுக்காக: தோல் பதனிடும் ஆலையை எங்கள் பக்கம் 'தோல் ஷாப்பு' என்றுதான் சொல்வோம். அங்கே சில்லறையாக எதுவும் விற்க மாட்டார்கள்.) ஆகவே முதலில் தோல்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஷூ ஒன்றை எடுத்து, மேல் தோலின் ஓரத்தைக் கூர்மையான பிளேடால் மெல்லச் சீவிப் பாருங்கள். மேலே கறுப்போ பழுப்போ இருக்கும். சாயம் முழுக்க இறங்காத தோலாக இருந்தால், உள்ளே வெட்டிய இடம் லேசான நீலச் சாம்பலாகத் தெரியும். அந்த நீலம் குரோமியம். பதனிட்டு ஈரத்தோடு அடுக்கி வைத்திருக்கும் தோலை 'வெட் ப்ளூ' என்றே சொல்வோம். ஆம்பூரிலிருந்து கப்பலேறும் ஷூவானாலும் உங்கள் இடுப்பு பெல்ட்டானாலும், இன்று உலகத்தில் பதனிடும் தோலில் பெரும்பகுதி இந்த முறையில்தான் தயாராகிறது. இதன் பிறந்த வீடு எது தெரியுமா? பெண்களின் உள்ளாடை.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் அணிவார்கள். அதற்குள் விறைப்புக்காக எஃகுப் பட்டைகள் வரிசையாக இருக்கும். உடம்பில் குத்தாமலிருக்க அந்தப் பட்டைகளுக்கு மெல்லிய தோல் உறை போடுவார்கள். அன்றைய வெள்ளைத் தோல் படிகாரமும் உப்பும் போட்டுப் பதனிட்டது. வியர்வை பட்டால் போதும், உப்பு தன் வேலையைக் காட்டிவிடும். எஃகு துருப்பிடிக்கும், துரு துணியில் கறையாக இறங்கும். விலையுயர்ந்த உடுப்பில் துருக்கறை என்றால் வாங்கியவர் சும்மா இருப்பாரா?

இந்தப் புலம்பல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்ற வேதியியலாளர் காதுக்குப் போனது. அவர் தோல்காரர் இல்லை, சாய வியாபாரத்தில் இருந்தவர். கம்பளி நூலில் சாயம் பிடிக்க டைக்ரோமேட் உப்பைப் பயன்படுத்துவது அவருக்கு அன்றாட வேலை. நூலில் ஒட்டிக்கொள்ளும் குரோமியம் தோலில் ஒட்டாதா என்று யோசித்தார். கம்பளியும் புரதம், தோலும் புரதம். முதல் தொட்டியில் டைக்ரோமேட்டும் அமிலமும், தோல் மஞ்சளாகும். இரண்டாவது தொட்டியில் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் ஹைப்போ. மஞ்சள் போய் நீலப்பச்சை வரும். 1884இல் காப்புரிமை வாங்கினார். கார்செட் பட்டை துருப்பிடிப்பது நின்றது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கூடவே வந்தது. பதனிடாத பச்சைத் தோலை வெந்நீரில் போட்டால் அறுபது டிகிரி சூட்டைத் தாண்டியதுமே சுருங்கிவிடும். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் எண்பது வரை தாங்கும். குரோம் தோலைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தாலும் அப்படியே இருக்கும். இதற்கு முன்பே, 1858இல், ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் க்னாப் என்ற பேராசிரியர் குரோமிய உப்பு தோலைப் பதனிடும் என்று கண்டிருந்தார். ஆனால் வியாபாரத்துக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. முறை கையில் இருந்தும் தேவை வாசலுக்கு வரவில்லை. அந்தத் தேவை கார்செட் வழியாக வந்தது. அப்புறம் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் ஃபோர்டரர் என்பவர் ஆட்டுத் தோலை இந்த முறையில் மெத்தென்று பதனிட்டு ஷூவுக்கு விற்றார். கார்செட் வழக்கொழிந்தது. தோல் ஷூவோடு போய்க் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டது.

நம் பக்கம் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? ஆவாரம் பட்டைதான். பட்டையை இடித்து, தொட்டியில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் தோலை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாறு, எண்ணெய். ஆற்காடு, வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ஆம்பூர் எல்லாம் இந்தத் தோலை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஈ.ஐ. தோல் என்று அதற்கு இன்றும் பெயர். ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். கடுக்காய் போடாவிட்டால் ஆவாரம் பட்டைத் தோல் வெயில் பட்டுச் சிவந்துபோகும். அந்தப் பக்குவத்தைப் புத்தகம் படித்து யாரும் கற்கவில்லை.

குரோம் முறையைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியர், பிறகு அரசின் தொழில்துறையில் இருந்தவர். 1900களின் தொடக்கத்தில் அவருக்கு இருந்த கவலை, கவலையைப் பற்றியதுதான். சிரிக்காதீர்கள். வட ஆற்காட்டுக் கிராமங்களில் கவலை என்றால் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் அமைப்பு. தெற்கே கமலை என்பார்கள். மாடு சரிவில் இறங்கும்போது, நீர் மொள்ளும் சால் மேலே வரும். சாலின் அடியில் யானைத் துதிக்கை போல ஒரு தோல் வால் தொங்கும். சால் மேலே வந்ததும் வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் பாயும். நாள் முழுக்க நீரில் ஊறும் அந்தத் தோல் சீக்கிரம் உளுத்துவிடும், விவசாயிக்கு அது ஓயாத செலவு. குரோம் தோல் நீரில் கிடந்தாலும் எளிதில் அழுகாது. அதனால்தான் சாட்டர்டன் அதைக் கையில் எடுத்தார். கார்செட்டுக்குப் பிறந்தது கிணற்றுக்கு வந்தது. பின்னாளில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்துத் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் ஓர் ஊருக்கே பெயர் வந்தது. மின்சார ரயிலில் தினமும் குரோம்பேட்டையில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் ஊர்ப் பெயரின் வேர் ஒரு கார்செட்டின் துருக்கறையில் இருக்கிறது என்று தெரியும்?

இந்த இடத்தில் என் மானத்தை வாங்கிய ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. டிரம்மில் ஆட்டுத் தோல் சுற்றிக்கொண்டிருக்கிறது. குரோம் உள்ளே இறங்கிய பிறகு, சோடா பைகார்பனேட்டை நீரில் கரைத்து, இத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அப்போதுதான் குரோமியம் தோல் நாரைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூன்று தடவையாக ஊற்ற வேண்டியதை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். காலையில் டிரம்மைத் திறந்தால் தோல் மேலெல்லாம் திட்டுத்திட்டாகப் பச்சை. மேஸ்திரி பாய் ஒரு துண்டை வெட்டினார். காகிதத்தில் வைத்துச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, மறுபடி அந்தக் கோட்டின் மேல் வைத்தார். கோட்டுக்குள் கால்வாசியைக் காணோம். ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. மேலே மட்டும் குரோம் படிந்து, நடுவில் பச்சைத் தோலாகவே இருந்திருக்கிறது. "இன்னா தம்பி, சோறு வேவறதுக்கு முன்னாடியே வடிச்சிட்டியா?" என்றார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை வெந்நீரைப் பார்த்தால் அந்தப் பேனாக் கோடுதான் கண்ணில் நிற்கும்.

குரோம் தோலின் கதையைச் சொல்லிப் பாலாற்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. பட்டைச் சாறு, சுண்ணாம்பு, உப்பு, குரோம் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அந்த ஆறு. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று, இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். நாங்கள் சம்பளம் வாங்கியது அந்தத் தொழிலில்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, தோலை விட்டு வெளியே வருவோம். எங்கள் ஷாப்பில் குரோம் உப்பை வேலையாட்கள் 'மருந்து' என்பார்கள். குடியாத்தத்துக்குப் போனால் அங்கேயும் மருந்து. ஆனால் அது தீக்குச்சி முனையில் தோய்ப்பது. 'குட்டி சிவகாசி' என்று பெயர் வாங்கிய ஊர். ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் நினைப்பது போலக் குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. அங்கே இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை போன்றவை. பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டில், அந்த அரக்கு நிறப் பட்டையில். இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்ததுதான் 'பாதுகாப்பு'த் தீப்பெட்டியின் பாதுகாப்பு.

பாஸ்பரஸ் வந்த வழி கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும். 1669இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி தங்கம் செய்யப் புறப்பட்டார். தங்கம் மஞ்சள், சிறுநீரும் மஞ்சள். இந்தத் தர்க்கத்தை நம்பிக் குடம் குடமாகச் சிறுநீரைச் சேர்த்துப் புளிக்கவைத்து, சுண்டக் காய்ச்சினார். அந்தத் தெருக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கடைசியில் தங்கம் வரவில்லை. இருட்டில் தானே ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் வந்தது. அதுதான் வெள்ளைப் பாஸ்பரஸ்.

தீக்குச்சி அதிலிருந்து நேராக வரவில்லை. 1826 வாக்கில் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊர் மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர் ஏதோ கலவையைக் கிளறிக்கொண்டிருந்தபோது, குச்சியில் காய்ந்து ஒட்டியிருந்த கட்டி அடுப்புக் கல்லில் உரசித் தீப்பிடித்தது என்பார்கள். அவர் கலவையில் பாஸ்பரஸே கிடையாது. 1827 ஏப்ரலில் முதல் விற்பனை அவர் கணக்குப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. காப்புரிமை வாங்கவில்லை. அப்புறம் வந்தவர்கள் எங்கே உரசினாலும் பற்ற வேண்டும் என்று வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888இல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தத்தின் பின்னணியில் அந்த நோயும் உண்டு. இதற்கிடையே, 1840களில் ஆஸ்திரியாவின் ஷ்ரோட்டர் வெள்ளைப் பாஸ்பரஸைச் சூடாக்கி நச்சில்லாத சிவப்புப் பாஸ்பரஸாக மாற்றிக் காட்டினார். சுவீடன்காரர் பாஷ் அதைக் குச்சியிலிருந்து பெட்டிக்கு மாற்றினார். அதே நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதை வியாபாரமாக்கினார்கள். நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்று வந்தார்கள். குடியாத்தத்தில் வேலை முடிந்து வரும் பெண்களின் விரல் நுனியில் ஒட்டியிருக்கும் கறைக்குப் பின்னால், தங்கம் தேடி ஏமாந்த ஒரு ஹாம்பர்க்காரர் இருக்கிறார்.

இன்னொரு மருந்து காட்பாடிப் பக்கம் இருந்தது. உங்கள் கல்லூரியிலிருந்து பக்கம்தான். 1980களில் மாநில அரசு அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கியது, கல் குவாரிக்கும் சுரங்கத்துக்கும். அந்த வகை வெடிகளுக்கு அப்போது மூலம் நைட்ரோகிளிசரின். 1847இல் இத்தாலியின் அஸ்கானியோ சொப்ரேரோ அதை முதலில் தயாரித்தார். துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தவருக்கு மண்டையிடி. அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்குக் கண்டதையும் நக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. பிறகு ஆல்ஃபிரட் நோபல் அதை ஒரு வகை மண்ணில் ஊறவைத்து, 1867இல் டைனமைட் ஆக்கினார். புட்டி உடைந்து மண்ணில் ஒழுகியதால் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றும். நோபலே அதை மறுத்தார். ஆனால் அடுத்த கண்டுபிடிப்பில் தற்செயல் உண்மையிலேயே உண்டு. 1875இல் பாரிசில் அவர் விரல் வெட்டுப்பட்டது. காயத்தின் மேல் கொலோடியன் என்ற திரவத்தைப் பூசினார், நாம் பிளாஸ்திரி ஒட்டுகிற மாதிரி. அன்றிரவு வலியில் தூக்கம் வரவில்லை. இந்தப் பிசினோடு நைட்ரோகிளிசரினைக் கலந்தால் என்ன என்று விடிவதற்குள் ஆய்வகத்துக்குப் போனார். வெடி ஜெலட்டின் அப்படி வந்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். டைனமைட் ஆலைத் தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமை தோறும் தலைவலி வந்தது. வாரம் முழுக்க அந்தப் பொருளுக்குப் பழகிய உடம்பு, ஞாயிறு விடுமுறையில் பழக்கம் விட்டுவிடும். திங்களன்று மறுபடி வந்தால் தலைவலி. காரணம், அந்தப் பொருள் ரத்தக் குழாய்களை விரியவைக்கும். 1879இல் வில்லியம் மரல் என்ற லண்டன் மருத்துவர் இதே பொருளை மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதயக் கோளாறு வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின்! விதியின் கேலியைப் பார், மக்கள் பயப்படக் கூடாதென்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று 1896இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த வருடமே இறந்தும் போனார். அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க உதவிய ஆராய்ச்சிக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது, அவர் பணத்திலிருந்தே. நெஞ்சு பிடித்தால் நாக்கடியில் வைக்கச் சொல்லி மருத்துவர் தரும் சார்பிட்ரேட் மாத்திரை அதே குடும்பத்தைச் சேர்ந்தது. காட்பாடியில் பாறைக்கு, பாலாற்றைத் தாண்டி வேலூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு. தமிழில் இரண்டுக்கும் மருந்து என்றே பெயர் வைத்த முன்னோருக்கு இதெல்லாம் தெரியாது. ஆனாலும் பொருந்திவிட்டது.

லுங்கியைப் பற்றிச் சுருக்கமாக. குடியாத்தம் லுங்கிக்கும் பேர்போன ஊர். புது லுங்கி வாங்கினால் என் அம்மா அதைத் தனியாகக் கல் உப்புத் தண்ணீரில் ஊறப்போடாமல் கட்டவிட மாட்டார். மற்ற துணியோடு போட்டால் வீட்டில் எல்லார் பனியனும் ரோஜா நிறம். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் அமெரிக்காவே ஒரு தடவை ஏமாந்தது. 1958இல் வில்லியம் ஜேகப்சன் என்ற இறக்குமதியாளர் சென்னை ஏற்றுமதியாளர் கிருஷ்ணனிடம் பத்தாயிரம் கெஜம் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கினார். குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள் என்று இங்கே சொன்னது அங்கே ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடை வரை போய்ச் சேரவில்லை. சட்டை வாங்கியவர்களின் மெஷினில் சாயம் ஓடியது. வழக்கு, மிரட்டல் என்று பேச்சு போன பிறகு, யாரோ ஒரு விளம்பர மூளை அதைத் தலைகீழாக்கியது: "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்!" ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று விற்றுத் தீர்ந்தது. நம் ஜவுளிக் கடையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

ராணிப்பேட்டையைச் சொல்லிப் பீங்கானைச் சொல்லாவிட்டால் அங்கே உள்ள நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். பாரி கம்பெனியின் கழிப்பறைப் பீங்கான் அங்கிருந்துதான் நாடு முழுக்கப் போனது. தண்ணீர் ஊற்றும் கழிப்பறையைக் கண்டுபிடித்தவர் தாமஸ் க்ராப்பர் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அவர் பிறப்பதற்கு அறுபது வருடம் முன்பே, 1775இல், அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் தொழில் கடிகாரம் செய்வது. குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்தார். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்குக் கதவு. கத்திரி வெயிலில் வேலூர் வீட்டை ஒரு மாதம் பூட்டிவிட்டுப் போய் வந்தால் குளியலறை நாறுமே, அதற்குக் காரணம் வளைவில் நின்ற நீர் வற்றிப்போனதுதான். ஆளைக் கூப்பிடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், போதும்.

இதுவரை சொன்னதில் லுங்கித் துணியைத் தவிர மற்றதெல்லாம் வெளியே பிறந்து இங்கே வந்தவை. உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் இங்கேயே பிறந்து வெளியே போனது: எம்.சி.ஆர். செருப்பு.

பால் பிராண்ட் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், பெற்றோர் மிஷனரிகள். மருத்துவம் படிப்பதற்கு முன் சில வருடம் கட்டட வேலை, தச்சு வேலை பழகியவர். இது முக்கியம், நினைவில் வையுங்கள். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன கைகளைச் சரிசெய்ய ஓர் எலும்பு அறுவை மருத்துவர்கூட முன்வரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. 1948இல் வேலூரில் தசைநாரை இடம்மாற்றிக் கட்டிக் கைவிரல்களை நிமிர்த்தும் அறுவையைத் தொடங்கினார்.

தொழுநோய் வந்தால் விரல் அழுகி உதிரும் என்றே அன்று எல்லாரும் நம்பினார்கள், மருத்துவர்கள் உட்பட. பிராண்டுக்கு அதில் சந்தேகம் விழுந்தது ஒரு பூட்டால். துருப்பிடித்த பூட்டு ஒன்றில் சாவியைத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையன், நோயாளிதான், சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இந்தச் சின்னக் கைக்கு எங்கிருந்து இத்தனை பலம் என்று வியந்தவர் தரையில் ரத்தத் துளிகளைப் பார்த்தார். சாவியின் விளிம்பு பையனின் விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நமக்கெல்லாம் வலி 'போதும், விடு' என்று சொல்லும். அவனுக்குச் சொல்ல ஆளில்லை. நோய்க்கிருமி நரம்பை அணைத்துவிடுகிறது. விரலைத் தின்பது சுடுபாத்திரம், ஆணி, சாவி போன்ற அன்றாடச் சாமான்கள்.

காலிலும் அதே கதைதான். பாதத்தில் புண் எங்கே வருகிறது என்று பார்த்தால், நடக்கும்போது எலும்பு அழுத்தும் இடங்களில்தான். நமக்கு ஓரிடத்தில் அழுத்தம் கூடினால், அறியாமலே நடையை மாற்றிக்கொள்வோம். அவர்களால் முடியாது. அப்படியானால் தேவைப்பட்டது களிம்பா? செருப்புதான். இங்கேதான் தச்சுக்காரர் வெளியே வந்தார். மரக்கட்டை, மெழுகு அச்சு என்று பலதையும் முயன்று, கடைசியில் மிக மென்மையான நுண்ணறை ரப்பரில் வந்து நின்றார்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே எம்.சி.ஆர். ஹவாய் செருப்பின் அடியும் நுண்ணறை ரப்பர்தான், ஆனால் கெட்டி. இதுவோ ரப்பர் அளவுகோலில் 15 டிகிரி ஷோர் என்ற மென்மை. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்த பிறகு வேலை இன்னும் வேகம் பிடித்தது. மேலே மெத்தென்ற எம்.சி.ஆர்., கீழே தேய்ந்த கார் டயர். ஆணி அடிக்கவே கூடாது, ஒட்டித் தைக்க வேண்டும். ஆணி உள்ளே ஏறினாலும் அணிந்தவருக்குத் தெரியாது. செருப்பு நழுவினாலும் தெரியாது என்பதால் குதிகாலுக்குப் பின்னால் வார். ஒவ்வோர் அம்சத்துக்கும் பின்னால் யாரோ ஒருவரின் புண் இருக்கிறது.

ஆனால் அணிந்தவர்களுக்கு வேறொரு வலி வந்தது. கறுப்பு எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே ஊர் கண்டுபிடித்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அதனால் பலர் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். பிறகு வேறு நிறங்களும், சாதாரணச் செருப்பு போன்ற தோற்றமும் கொண்டுவர வேண்டியிருந்தது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண், அதே இடத்தில். நரம்பை அணைத்தது கிருமியா சர்க்கரையா என்பது பாதத்துக்குத் தெரியாது. தொழுநோயாளர்களுக்கென்று இங்கே கண்ட பாடம், இன்று உலகம் முழுக்கச் சர்க்கரைப் பாத மருத்துவத்தின் அடிப்படைகளில் ஒன்று.

போன மாதம் என் மனைவிக்குக் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் முதல் அடி வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள தெருவில் ஒரு செருப்புக் கடைக்குப் போனோம். நான் தொழில் பழக்கத்தில் செருப்பைத் திருப்பி, அடியில் ஆணி இருக்கிறதா என்று பார்த்து, மேல் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பாதி ஆழம் அமுங்கி மெல்ல மேலே வந்தது. நல்ல சரக்குதான். கடைப் பையன் உற்சாகமாகிவிட்டான். "ஆன்ட்டி, இது சுகர் செருப்பு. சுகர்காரங்க எல்லாம் இதத்தான் வாங்குறாங்க."

"எனக்குச் சுகர் இல்லப்பா, குதிகால் வலி" என்றாள் இவள்.

பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதே ஜோடியைத் துடைத்து மறுபடி அவள் முன்னால் வைத்தான். "அப்ப இது குதிகால் செருப்பு ஆன்ட்டி."